நூற்பாலைப் பங்கு: பி.இ. 6, புக் வேல்யூவுக்கும் கீழே. வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

தாரமங்கலத்தான் | செப்டம்பர் 3, இரவு 9:12

சேலம் மாவட்டத்து மில் ஒன்று. பெயர் வேண்டாம், போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். 2023-24 ஆண்டறிக்கை இப்போதுதான் வந்தது. விற்பனை 412 கோடி, நிகர லாபம் 24 கோடி. சந்தையில் மொத்த மதிப்பு 144 கோடி, அதாவது பி.இ. (மொத்த மதிப்பை வருட லாபத்தால் வகுத்தது) 6. நெட்வொர்த் (சொத்தில் கடன் போக மீதி, அதுதான் புக் வேல்யூ) 190 கோடி, கடன் 168 கோடி. ஐந்து வருட லாபம் வரிசையாக 11, 13, 42, 6, 24.

இரண்டு லட்சம் போடலாம் என்று எண்ணம். ஸ்கிரீனரில் (பங்குகளை எண்களால் வடிகட்டிக் காட்டும் தளம்) பார்த்தாகிவிட்டது. அதற்கு மேல் எதைப் பார்க்கணும், எந்த வரிசையில் பார்க்கணும்? "நல்ல கம்பெனி", "விட்டுடுங்க" மாதிரி ஒற்றை வரி பதில் வேண்டாம்.

கொலுசுப்பட்டறை | செப்டம்பர் 3, இரவு 10:05

ஸ்கிரீனர் கெட்டதில்லைங்க. ஆனா அது கணக்கின் கடைசி வரியை எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். அந்த வரி எப்படி வந்ததுங்கிறது ஆண்டறிக்கையோட பின்பக்கத்தில் இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடுக்கும்போது பளபளப்பைப் பார்த்தா எடுக்கிறோம்? டச் எவ்வளவுன்னு, அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம்னு கேட்கிறோம். லாபத்துக்கு டச் பார்க்கிற இடம் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட், அதாவது ரொக்கம் வந்தது, போனதோட கணக்கு.

ஐந்து வருடத்துக்கும் இந்த வரிகளை மட்டும் எடுத்துக் கூட்டிப் போடுங்க: செயல்பாட்டில் வந்த ரொக்கம், மெஷின், கட்டடம் வாங்கியது, சொத்து விற்றது, கட்டிய வட்டி, டிவிடெண்ட், புதுசா வந்த பங்கு மூலதனம். கடன் ஐந்து வருடத்துக்கு முன்னாடி எவ்வளவு, இப்போ எவ்வளவு. "இதர வருமானம்" குறிப்பையும் பிரிச்சுப் பாருங்க. ஒரு வருடத்தை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க. மில்லில் ஒரு வருடம் ரொக்கம் மைனஸில் போறது சாதாரணம்.

ஐந்துரோடு | செப்டம்பர் 3, இரவு 10:31

இவ்வளவு தோண்டணுமா? நம்ம ஊர் கம்பெனி. கேட்டில் லாரி நிக்குதா, மூணு ஷிப்ட் ஓடுதா, சம்பளம் தேதி தவறாமப் போகுதா, இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி? பம்பாயில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது தெரியுமா?

மேட்டூர்காற்று | செப்டம்பர் 3, இரவு 11:20

ஐந்துரோடு, கேட்டில் நிற்கிற லாரி விற்பனையைச் சொல்லும். அந்தச் சரக்குக்குப் பணம் வந்ததா என்று சொல்லாது. மூன்று ஷிப்ட் ஓடிக்கொண்டே நஷ்டப்படுகிற மில்கள் கொங்கு மண்டலம் முழுக்க உண்டு; நிறுத்தினால் இன்னும் பெரிய நஷ்டம் என்பதால் ஓட்டுவார்கள்.

"நம்ம ஊர்" என்பதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. சேலம் ஸ்டீல் பிளான்ட் பக்கத்தில் இருக்கிறதே என்று அதன் தாய்க் கம்பெனி செயிலின் பங்கை வாங்கியவர்கள் எத்தனை பேர்! சேலம் ஆலையின் உருக்கும் திறன் வருடம் 1.8 லட்சம் டன். செயில் மொத்தமாக உருக்குவது சுமார் 1.9 கோடி டன். ஒரு சதவீதம்கூட இல்லை. செயில் காலாண்டு முடிவின் கடைசிப் பக்கங்களில் ஆலைவாரியான பிரிவுக் கணக்கு இருக்கும்: பிலாய், துர்காபூர், ரூர்கேலா, பொகாரோ என்று வரிசையாகப் போய் சேலமும் ஒரு வரியாக வரும். பங்கின் தலையெழுத்து பிலாயிலும் பொகாரோவிலும் எழுதப்படுகிறது. பொட்டனேரியில் உருக்காலை வைத்திருக்கும் ஜேஎஸ்டபிள்யூவுக்கும் இதே கதைதான்.

எந்தக் கம்பெனியானாலும் இந்தப் பிரிவுக் கணக்கைப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த ஆலை மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று தெரியாமல் உள்ளூர்ச் சேதியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. மில் ஆபீஸில் இருக்கிறவர் "இந்தக் காலாண்டு ரிசல்ட் பிரமாதம்" என்று முன்கூட்டியே காதில் போட்டால், அதை வைத்துப் பங்கு வாங்குவது செபியின் (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) 2015 உள்வணிக விதிகளின்படி குற்றம். வாங்கியவர், சொன்னவர் இருவருக்கும்தான்.

தாரமங்கலத்தான் | செப்டம்பர் 4, காலை 7:48

கேட்ட எண்கள். ஐந்து வருடக் கூட்டு, கோடியில்:

செயல்பாட்டு ரொக்கம் 38 (வருடவாரி 9, 14, மைனஸ் 22, 31, 6). மெஷின், கட்டடம் 70. சொத்து விற்றது 18. கட்டிய வட்டி 60, அதில் கடைசி வருடம் 14. டிவிடெண்ட் 6. வாரண்ட் (பின்னால் பங்கு எடுத்துக்கொள்ளும் உரிமை) மூலம் ப்ரமோட்டர் (கம்பெனியை நடத்தும் குடும்பம்) போட்டது 10. கடன் 98ல் இருந்து 168.

இதர வருமானத்தில் "நிலம் விற்ற லாபம்" 15 கோடி, கடைசி வருடத்தில்.

கொலுசுப்பட்டறை | செப்டம்பர் 4, காலை 9:30

முதல்ல அந்த 15 கோடி. அது நூல் விற்று வந்ததில்லை, அடுத்த வருடம் வராது. வரி போக 13 கோடின்னு வச்சுக்குவோம். 24ல் 13 போனா 11. 144ஐ 11ஆல் வகுத்தா பி.இ. 13. "6"ங்கிற எண் அங்கேயே காலி.

அடுத்தது ரொக்கம். ஐந்து வருட லாபம் மொத்தம் 96. கைக்கு வந்தது 38. நூறு ரூபாய் லாபம்னு எழுதினதில் நாற்பது ரூபாய்தான் வந்திருக்கு. தேய்மானத்தையும் கூட்டிப் பார்த்தா இன்னும் மோசம். ஏன்னா தேய்மானம் லாபத்தில் கழிக்கப்படுது, ரொக்கமா வெளியே போறதில்லை. அதனால சாதாரணமா இந்த ரொக்கம் லாபத்தை விடக் கூடுதலா இருக்கணும்.

இங்கே நிறைய பேர் வழுக்குற இடம் ஒண்ணு இருக்கு. செயல்பாட்டு ரொக்கம் 38 பிளஸில் இருக்கேன்னு விட்டுடுவாங்க. நம்ம கணக்கியல் விதியில், வங்கி, நிதிக் கம்பெனி தவிர மத்ததுக்கெல்லாம், கட்டின வட்டி அந்த 38க்குள்ள வராது. கீழே நிதிப் பிரிவில் தனியாப் போகும். அதையும் சேர்த்துக் கூட்டுங்க:

38 + 18 − 70 − 60 − 6 = மைனஸ் 80. எங்கே இருந்து நிரப்பினாங்க? கடன் 70 ஏறியிருக்கு, வாரண்ட் 10. சரியா 80. கணக்கு இடிக்கலை, ஒளிவு மறைவு இல்லை. ஆனா அது சொல்ற சேதி என்னன்னா, வட்டியும் டிவிடெண்டும் புதுக் கடன்ல இருந்து போயிருக்கு.

தப்பு நடந்திருக்குன்னு நான் சொல்லலை. 70 கோடிக்கு வாங்கின மெஷின் என்ன, அது முழுசா ஓட ஆரம்பிச்சாச்சா, "நடந்துகொண்டிருக்கும் மூலதனப் பணி" குறிப்பில் இன்னும் எவ்வளவு நிக்குது? அதுக்கும் வயது வாரியா அட்டவணை இருக்கும். மூணு வருடத்துக்கு மேல நிக்கிற தொகை இருந்தா கேள்வி கேட்கணும்.

அப்புறம் வட்டியைக் கடனால் வகுங்க. 14 / 168 = 8.3%. இது சரியா இருக்கு. இதுவே 14, 15 சதவீதம்னு வந்தா, வருடம் பூரா பெரிய கடன் வச்சுக்கிட்டு மார்ச் 31க்கு மட்டும் இறக்கிக் காட்டியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

அடிவாரம் | செப்டம்பர் 4, காலை 9:52

தினசரி எத்தனை பங்கு கைமாறுதுன்னு யாரும் கேட்கலையே. ஒரு நாள் வியாபாரமே 3, 4 லட்சம் ரூபாய்ன்னா, உங்க 2 லட்சத்தை வாங்கும்போதே விலையை நீங்களே ஏத்திடுவீங்க. விற்கிற அன்னைக்கு லோயர் சர்க்யூட்ல (ஒரு நாளில் விலை இறங்க அனுமதிச்ச கடைசி எல்லை) பூட்டிக் கிடக்கும். ஒரு மாத சராசரி டெலிவரி அளவைப் பாருங்க. உங்க மொத்த ஆர்டர் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினா சின்னச் சின்னதா, லிமிட் ஆர்டர்ல (நீங்க சொன்ன விலைக்கு மேல வாங்காத ஆர்டர்) மட்டும். ஏஎஸ்எம், ஜிஎஸ்எம்னு எக்ஸ்சேஞ்சோட கண்காணிப்புப் பட்டியலில் பெயர் இருக்கான்னும் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் தேடிக்குங்க.

நூல்கண்டி | செப்டம்பர் 4, மதியம் 1:15

கணக்கு சரி. ஆனா மில்லுக்கு மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டை மட்டும் வச்சுப் பேசினா பாதி தப்பாப் போயிடும் அண்ணே. பருத்தி வரத்து அக்டோபர்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் சூடு. மில்லுக்காரங்க அந்தச் சமயத்தில் மூணு, நாலு மாதச் சரக்கைச் சேர்த்து வைப்பாங்க. அதனால மார்ச்சில் சரக்கும் கடனும் உச்சியில் நிக்கும். செப்டம்பர்ல வடியும். செப்டம்பர் அரையாண்டு முடிவோட பேலன்ஸ் ஷீட்டும் கேஷ் ஃப்ளோவும் வரும், 45 நாள் கெடு, அதாவது நவம்பர் 14க்குள்ள. போன செப்டம்பருடையது இப்பவே எக்ஸ்சேஞ்ச் தளத்தில் இருக்கு. அதில் கடன் எவ்வளவுன்னு பாருங்க. மார்ச்சில் 168, செப்டம்பர்ல 110ன்னா அது பருத்திக் கடன், பயப்பட ஒண்ணுமில்லை. செப்டம்பர்லயும் 160ன்னா அது இறங்காத கடன்.

அந்த 42 கோடி வருடத்தைப் பத்தி யாரும் பேசலை. 2021-22. பருத்தி விலை ஏறிக்கிட்டே போச்சு, 2022 மே மாதம் கண்டி ஒரு லட்சத்தைத் தொட்டது. கண்டின்னா 356 கிலோ. அப்போ கிலோ 281 ரூபாய். பழைய விலையில் வாங்கிப்போட்ட பஞ்சை வச்சுப் புது விலை நூல் விற்றா எவனுக்கும் லாபம் வரும். அது நூற்ற லாபம் இல்லை, கிடங்கில் இருந்த சரக்கோட லாபம். அந்த வருடக் கடைசிக்குள்ளயே விலை மூணில் ஒரு பங்கு இறங்கிடுச்சு. உச்ச விலையில் சரக்கைச் சேர்த்தவங்க 2022-23ல் அதே அளவு அடி வாங்கினாங்க. உங்க எண்களிலேயே தெரியுதே: லாபம் 42 வந்த வருடம் ரொக்கம் மைனஸ் 22, எல்லாம் பஞ்சா கிடங்கில் கிடக்கு. லாபம் 6 வந்த வருடம் ரொக்கம் 31, பஞ்சு காசாகுது.

அதனால 42ஐயும் நிலம் விற்றதையும் ஒதுக்கிட்டு மீதி நாலு வருடத்தைப் பாருங்க: 11, 13, 6, 11. சராசரி 10 கோடி சொச்சம். இந்த மில்லோட இயல்பான சம்பாத்தியம் அதுதான். அதுக்கு 144 கோடி கொடுக்கலாமாங்கிறதுதான் உங்க கேள்வி.

இனிமே வர்ற காலாண்டை முன்கூட்டி மதிப்பிட ஒரு நாட்டுக் கணக்கு இருக்கு. கண்டி விலையை 356ஆல் வகுங்க. கண்டி 56,000ன்னா கிலோ 157 ரூபாய். கோம்டு நூலுக்கு (சீவிக் குட்டை இழை நீக்கின நூல்) நூறு கிலோ பஞ்சில் ஏறக்குறைய 72 கிலோ நூல் தேறும். 157ஐ 0.72ஆல் வகுத்தா 218. அதில் கழிவுப் பஞ்சு விற்ற காசைக் கழிச்சுக்குங்க. நூல் விலைக்கும் இதுக்கும் நடுவில் நிக்கிற இடைவெளியில்தான் கரன்ட், கூலி, வட்டி, தேய்மானம், லாபம் எல்லாம் அடங்கணும். இடைவெளி சுருங்குதுன்னா ரெண்டு மாதம் கழிச்சு வர்ற ரிசல்ட்ல அது தெரியும். கார்டு நூல், ஓஈ நூல்னு மத்த ரகங்களுக்கு விகிதம் வேற, அதையும் இதே தராசில் போடாதீங்க.

மேட்டூர்காற்று | செப்டம்பர் 4, மாலை 6:40

நூல்கண்டி சொன்னது மில்லுக்கு மட்டுமில்லை. ஏறி இறங்குகிற சரக்கு விற்கிற எல்லாக் கம்பெனிக்கும் பி.இ. தலைகீழாகத்தான் பேசும். சுழற்சியின் உச்சியில் லாபம் பெருத்திருக்கும், பி.இ. மலிவாகத் தெரியும். அடிமட்டத்தில் லாபமே இருக்காது, பி.இ. பயமுறுத்தும்.

நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. மேட்டூரில் ஆலை வைத்திருக்கும் கெம்பிளாஸ்ட் சன்மார் 2021 ஆகஸ்டில் 541 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. மொத்த வெளியீடு 3,850 கோடி. அதில் புதுப் பங்கு 1,300 கோடி, மீதி 2,550 கோடி இருக்கிற பங்குதாரர் விற்றது. கம்பெனிக்குள் போவது எவ்வளவு, விற்பவர் கைக்குப் போவது எவ்வளவு என்பது பிராஸ்பெக்டஸில் முதல் பக்கத்திலேயே இருக்கும். பிவிசி விலை அந்தச் சமயம் உச்சத்தில். 2021-22 நல்ல லாபம். சீனச் சரக்கு இறங்கி விலை சரிந்த பிறகு 2023-24ல் நஷ்டம். நிர்வாகம் மாறவில்லை, ஆலை மாறவில்லை, பிவிசி விலைதான் மாறியது.

அதே கம்பெனியில் இன்னொரு பாடமும் உண்டு. கடலூர் ஆலை துணை நிறுவனத்தில் இருக்கிறது. ஸ்டாண்டலோன் (தாய்க் கம்பெனி மட்டும்) கணக்கைப் பார்த்தால் ஒரு பெரிய ஆலையே கண்ணில் படாது. துணை நிறுவனம் இருந்தால், அதையும் சேர்த்த கன்சாலிடேட்டட் கணக்குத்தான்.

ஐந்துரோடு | செப்டம்பர் 4, இரவு 8:02

பேசாம ஜவ்வரிசியில் போட்டுடலாம் போல.

நூல்கண்டி | செப்டம்பர் 4, இரவு 8:10

சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் அண்ணே, பங்குச் சந்தையில் கிடைக்காது :)

லீபஜார் | செப்டம்பர் 4, இரவு 9:25

புக் வேல்யூவுக்குக் கீழே கிடைக்கிறது என்பதை ஒரு பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புக் வேல்யூ என்பது சொத்தெல்லாம் எழுதியிருக்கிற மதிப்புக்குத் தேறும் என்ற நம்பிக்கை. லட்சுமி விலாஸ் வங்கியை நினைத்துப் பாருங்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் வைத்தது. 2020 ஜூனில் மூலதன விகிதம் 0.17%, செப்டம்பரில் மைனஸ் 2.85%. அதே செப்டம்பர் பொதுக்குழுவில் எம்.டி. உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தைப் பங்குதாரர்களே வாக்களித்துத் தோற்கடித்தார்கள். நவம்பர் 27ல் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது, பங்கு மூலதனம் முழுவதும் சுழியமானது. முதல் எச்சரிக்கைக்கும் முடிவுக்கும் நடுவே 14 மாதம். ஒவ்வொரு படியும் எக்ஸ்சேஞ்ச் அறிவிப்பாக எல்லோர் கண்ணுக்கும் கிடைத்தது. (வங்கிக்கு மேலே சொன்ன ரொக்கக் கணக்கு பொருந்தாது. அங்கே வாராக்கடன், அதற்கான ஒதுக்கீடு, மூலதன விகிதம் மூன்றும்தான்.)

உங்கள் மில்லுக்கு வருவோம். ஆண்டறிக்கையில் ஆடிட்டர் அறிக்கையின் இணைப்பைத் திறங்கள், காரோ 2020 என்பார்கள்; ஆடிட்டர் கட்டாயம் பதில் சொல்லவேண்டிய கேள்விகள். 21 பத்தி. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். கடன் வாங்கிய கம்பெனிக்கு இவை போதும்.

2ஆம் பத்தியின் இரண்டாம் பகுதி: வங்கிக்குக் கொடுக்கும் காலாண்டுச் சரக்கு அறிக்கையும் கம்பெனிப் புத்தகமும் ஒத்துப்போகிறதா. 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதன லிமிட் (அன்றாடச் செலவுக்கு வங்கி தரும் கடன் வரம்பு) இருந்தால் ஆடிட்டர் இதைச் சொல்லியே ஆகணும். வங்கிக்குச் சரக்கைக் கூட்டிக் காட்டி லிமிட் வாங்கியிருந்தால் இங்கே வித்தியாசம் அட்டவணையாகவே வரும். ஒரு காலாண்டில் சின்ன வித்தியாசம், காரணத்தோடு இருந்தால் விடலாம். நான்கு காலாண்டும் ஒரே திசையில் என்றால் விடக்கூடாது.

7ஆம் பத்தி: பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஜிஎஸ்டி நிலுவை. தொழிலாளி பி.எஃப். ஆறு மாதத்துக்கு மேல் நிற்கிறது என்றால் பணமுடை உச்சத்தில் இருக்கிறது.

9ஆம் பத்தி: கடன் தவணை தவறியதா, குறுகிய காலப் பணத்தை நீண்டகாலச் சொத்தில் போட்டிருக்கிறார்களா. 70 கோடி மெஷின் வாங்கிய மில்லில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

18ஆம் பத்தி: ஆடிட்டர் நடுவில் விலகினாரா. பத்து வருடம் முடிந்து மாறுவது சட்டப்படி நடப்பது. ரிசல்ட் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் "வேலைப் பளு" என்று விலகுவது வேறு விஷயம்.

இது தவிர, கம்பெனி பெயரோடு "ரேட்டிங் ரேஷனல்" என்று தேடினால் கடனைத் தரம் பார்க்கும் கிரிசில், இக்ரா, கேர் யாராவது எழுதிய நாலு பக்கம் இலவசமாகக் கிடைக்கும். லிமிட்டில் எத்தனை சதவீதம் பயன்படுத்துகிறார்கள், அடுத்த வருடம் கட்டவேண்டிய தவணை எவ்வளவு என்று ஆண்டறிக்கையில் வராத சேதி அதில் வரும். பட்டியலிடப்படாத மற்ற மில்களுக்கும் இது கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல பொருள் இல்லை. "தகவல் தர ஒத்துழைக்கவில்லை" என்று ரேட்டிங் போட்டிருந்தால், என்னைப் பொறுத்தவரை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தாரமங்கலத்தான் | செப்டம்பர் 5, இரவு 10:40

ஒன்றொன்றாகப் பார்த்தேன். போன செப்டம்பரில் கடன் 151. காரோ 2: மூன்று காலாண்டில் வங்கிக்குக் காட்டிய சரக்கு புத்தகத்தைவிடக் கூடுதல், 3 முதல் 5 கோடி வரை. 7ம் 9ம் சுத்தம். ஆடிட்டர் மாறவில்லை. ப்ரமோட்டர் 58%, அடமானம் இல்லை.

வரவேண்டிய பாக்கி 74 கோடி. வயது அட்டவணையில் ஆறு மாதத்துக்கு மேல் 19 கோடி. தொடர்புடையோர் குறிப்பில் ப்ரமோட்டர் குடும்பத்து டிரேடிங் நிறுவனத்திடமிருந்து வரவேண்டியது 16 கோடி என்று இருக்கு. டெலிகிராமில் ஒருத்தர் இதே பங்கை "மல்டிபேக்கர்" (பல மடங்கு ஏறும் பங்கு) என்று தள்ளிக்கொண்டிருக்கிறார்.

கொலுசுப்பட்டறை | செப்டம்பர் 5, இரவு 11:18

74 / 412 × 365 = 66 நாள் பாக்கி. ரெண்டு வருடம் முந்தி எத்தனை நாள்னு இதே கணக்கைப் போடுங்க. 40 இருந்து 66 ஆகியிருந்தா விற்பனை வளரலை, கடன் கொடுத்துத் தள்ளியிருக்காங்க.

அந்த 19ம் 16ம் தனித்தனியா, ஒண்ணுக்குள்ள ஒண்ணா? அதுதான் இப்போ பெரிய கேள்வி. வெளியாள் மூணு மாதத்தில் காசு கொடுக்கிறான், வீட்டுக் கம்பெனி மட்டும் ஆறு மாதம் தாண்டியும் கொடுக்கலைன்னா, பட்டியலிட்ட கம்பெனியோட பணத்தில் வீட்டுக் கம்பெனி ஓடுது. ஆண்டறிக்கையில் தொடர்புடையோர் வியாபாரத்தைச் சொல்ற ஏஓசி-2 படிவத்தில் என்ன விலைக்கு, என்ன தவணைக்கு விற்றாங்கன்னு பார்க்கலாம். பல பேர் அதில் "வழக்கமான வணிக அடிப்படையில்"னு ஒரே வரி எழுதி முடிச்சிருப்பாங்க.

அந்த டிரேடிங் நிறுவனத்தோட ஜிஎஸ்டி எண் கிடைச்சா ஜிஎஸ்டி தளத்தில் போடுங்க. ரிட்டர்ன் எந்தத் தேதியில் தாக்கல் ஆகுதுன்னு இலவசமா வரும். மாதாமாதம் தாக்கல் பண்றவங்க 20ஆம் தேதிக்குள்ள போடணும். தொடர்ந்து ஒரு மாதம், ரெண்டு மாதம் தாமதம்னா அவங்ககிட்ட காசு இல்லை, மில்லுக்கும் சீக்கிரம் வராது. அது பிரைவேட் லிமிடெட்டா இருந்தா எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் 100 ரூபாய் கட்டி அதோட பேலன்ஸ் ஷீட்டையே பார்த்துடலாம்.

அடிவாரம் | செப்டம்பர் 6, காலை 6:55

டெலிகிராம்காரர்கிட்ட, பங்கு ஆய்வாளருக்கு செபி கொடுக்கிற, ஐஎன்ஹெச்னு ஆரம்பிக்கிற பதிவு எண்ணைக் கேளுங்க. ஆலோசகர்னா ஐஎன்ஏ. கொடுத்தாலும் செபி தளத்தில் பெயர் பொருந்துதான்னு பார்க்கணும், அடுத்தவர் எண்ணைப் போடுறவங்க இருக்காங்க.

அப்புறம் அந்த வாரண்ட் 10 கோடி. வாரண்டில் முதலில் 25% கட்டினாப் போதும், மீதிக்கு 18 மாதம் அவகாசம். விலை ஏறினா முழுசாக் கட்டிப் பங்கு எடுத்துக்குவாங்க, ஏறலைன்னா அந்த 25% போகும், அவ்வளவுதான். உங்க 10 கோடி மொத்தமும் வந்த காசா, முதல் தவணை மட்டுமான்னு பாருங்க. முதல் தவணைன்னா இன்னும் 30 கோடி கட்டி மொத்தம் 40 கோடிக்குப் பங்கு எடுப்பாங்க, உங்க பங்கோட கனம் குறையும். 58%ங்கிறதும் மேலே போகும்.

லீபஜார் | செப்டம்பர் 6, காலை 10:12

காரோ வித்தியாசம் மூன்று காலாண்டும் ஒரே திசையில், செப்டம்பரிலும் கடன் 151. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பருத்திக்கு வாங்கிய பணம் மெஷினிலும் டிரேடிங் பாக்கியிலும் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. 9 சுத்தமாக இருப்பதால் வங்கி இன்னும் பொறுமையாக இருக்கிறது. 144 கோடிக்கு இது மலிவில்லை. 90, 100 என்றால் மறுபடி பேசலாம், அதுவும் நவம்பர் முடிவைப் பார்த்துவிட்டு.

தாரமங்கலத்தான் | செப்டம்பர் 6, இரவு 9:03

வாரண்ட் முழுதும் கட்டியாகிவிட்டது. 19ம் 16ம் ஒன்றா என்று ஆண்டறிக்கையை வைத்துச் சொல்ல முடியவில்லை. யாரிடம் கேட்பது? கம்பெனி கான்கால் (முதலீட்டாளர்கள் நிர்வாகத்திடம் கேள்வி கேட்கும் தொலைபேசிக் கூட்டம்) நடத்துவதில்லை.

கொலுசுப்பட்டறை | செப்டம்பர் 6, இரவு 9:41

ஒரே ஒரு பங்கு வாங்குங்க. ஆண்டறிக்கையோட முன்பக்கத்தில் பொதுக்குழு நோட்டீஸ் இருக்கும், அதில் கட்-ஆஃப் தேதி போட்டிருக்கும். அந்தத் தேதியில் பங்கு உங்க டீமேட்டில் இருக்கணும். வாங்கினா அடுத்த வேலை நாளில் வந்துடும். பேச்சாளராப் பதிவு பண்ற மெயில் முகவரியும் கடைசி நாளும் அதே நோட்டீஸில், பின்பக்கக் குறிப்புகளில் இருக்கும். வீடியோ கூட்டமா இருந்தா தாரமங்கலத்தில் உட்கார்ந்தே கேட்கலாம்.

கேள்வியை எழுத்தில் முன்னாடியே அனுப்பிடுங்க, "தனியாகப் பதில் தருகிறோம்"னு நழுவ இடம் குறையும். மூணு போதும். 16 கோடியில் ஆறு மாதம் தாண்டினது எவ்வளவு, ஆகஸ்ட் 31 வரைக்கும் எவ்வளவு வந்தது? வங்கி அறிக்கை வித்தியாசத்துக்கு என்ன காரணம், இந்த ஜூன் காலாண்டில் ஒத்துப்போச்சா? புது மெஷின் எத்தனை சதவீதம் ஓடுது? ஒவ்வொண்ணுக்கும் ஆண்டறிக்கைப் பக்க எண்ணைப் போடுங்க.